இடப்பக்கம் திருப்பினால் கேட்ட சத்தம்

காதர் பாய் ஓட்டிய காரில் கெட்டுப்போயிருந்தது வலப்பக்கத்து முன்சக்கரம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஒன்றுமில்லை, போங்கள்" என்று கையைக் காட்டினேன். மறுநாள் அந்தச் சக்கரம் கழன்றது. ஒரு மாட்டு வண்டிக்காரன் செத்தான். காதர் பாய் ஜெயிலுக்குப் போனார். கோர்ட்டில் நின்று, காரில் பழுது எதுவும் இல்லை என்று சொன்னவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன்... இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல முயன்று தோற்றுப்போனவன் நான். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

எங்கள் குடும்பம் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் நாங்கள் பேசுகிற பாஷையே வேறு. நூலும் சாயமும்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் பிழைப்பு. நான் ஒருவன்தான் தறியை விட்டுவிட்டு இரும்பைத் தொட்டேன். ஒரு பஸ் முதலாளியிடம் வண்டி கழுவப் போய், அங்கேயே பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, வடக்கு மாசி வீதியில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டேன். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். கல்யாணப் பந்தியில் என் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பைப் பார்த்துவிட்டு ஓர் இலை தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. இவர்கள் மூக்கு உடைய வேண்டும், மோட்டார் என்றாலே மதுரையில் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறி எனக்குள் இருந்தது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்த வெறி எவ்வளவு தூரம் போனது என்று நீங்கள் பார்க்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

காதர் பாய் காஜிமார் தெருக்காரர். அரிசி மில் முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தார். என்னைவிட மூத்தவர். பட்டறை போட்ட புதிதில் என்னை நம்பி முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். வண்டி விஷயத்தில் நான் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த நம்பிக்கையைத்தான் நான்... இருக்கட்டும், வரிசையாகவே சொல்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது இது. பங்குனி மாதம், காலை நேரம். முதலாளியின் பெரிய காரைப் பட்டறைக்குள் விட்டுவிட்டு இறங்கினார் காதர் பாய்.

"மாப்ள, முன்னாடி எங்கேயோ கரகரங்குது. நேராப் போனா ஒண்ணும் தெரியல. இடது பக்கம் ஒடிச்சா மட்டும் மண்ண அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். நாளைக்கு முதலாளி வீட்டம்மாவும் மகளும் திருவாதவூர் கோயிலுக்குப் போறாங்க. இன்னைக்கே பாத்துக் குடுத்துரு."

நான் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு சந்தில் இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். கேட்டது. மாவு அரைக்கும் எந்திரத்தில் சிறு கல் மாட்டிக்கொண்டால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. நிமிர்த்தியதும் அடங்கிவிட்டது.

சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில், எஃகுக் குண்டுகளைக் கோத்த வளையம் ஒன்று இருக்கும். பேரிங் என்போம். குண்டு தேய்ந்தாலோ கிரீஸ் வற்றினாலோ அது இப்படித்தான் கத்தும். சத்தம் பேரிங்கிலிருந்துதான் வருகிறது என்று கேட்ட உடனே பிடித்துவிட்டேன். அதுவரை சரி.

எந்தப் பக்கத்துப் பேரிங்? அங்கேதான் குடி கெட்டது.

இடப்பக்கம் திருப்பினால் சத்தம். அப்படியானால் இடது சக்கரம்! மாடு நொண்டினால், நொண்டுகிற பக்கத்துக் காலைத்தானே தூக்கிப் பார்ப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்கவே இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கும் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம்தானே? வண்டியும் அப்படித்தான் சாயும். மொத்தப் பாரமும் வலது சக்கரத்தின் மேல் இறங்கும். அப்போது அரைபடுவது வலது பக்கத்துப் பேரிங். இன்றைக்கு என் பட்டறையில் விளக்குமாறு பிடிக்கிறவனுக்குக்கூட இது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இடது சக்கரத்தைக் கழற்றினேன். கிரீஸ் காய்ந்து கட்டியாக இருந்தது. ஒரு குண்டில் லேசான கீறல். போதாதா? "ஆள் அகப்பட்டுக்கிட்டான்" என்று காதர் பாயிடம் காட்டினேன். கையிருப்பில் இருந்த புதுப் பேரிங்கைப் போட்டு, கிரீஸை அப்பிப் பூட்டினேன்.

அவர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கத்தையும் ஒருக்கா கழட்டிப் பாத்துரேன் மாப்ள" என்றார்.

"காய்ச்சல் உங்களுக்குன்னா, பக்கத்து வீட்டுக்காரருக்கா பாய் ஊசி போடுவாங்க?" என்றேன்.

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம். கழற்றிப் பூட்டிய வண்டியைச் சும்மா வெளியே விடமாட்டோம். கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிறகு நான்கு மாசி வீதியும் ஒரு சுற்று சுற்றி வருவோம். மீனாட்சி கோயில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பிரதட்சிணம். அந்தச் சுற்றுதான் எங்களுக்கு ஓட்டிப் பார்ப்பதும், சாமி கும்பிடுவதும். பழுது பார்த்த வண்டியை முதன்முதலில் எதிர்ச்சுற்றாக ஓட்ட எவனுக்கும் மனசு வராது. காதர் பாயே எலுமிச்சம்பழத்தை எடுத்துவைத்து, "வா மாப்ள, அம்மனைச் சுத்திட்டு வந்துருவோம்" என்பார்.

சுற்றினோம். என் பட்டறை கோயில் பக்கத்து வரிசையில் இருந்தது. வாசலை விட்டதும் வலப்பக்கம். முதல் முக்கில் வலப்பக்கம். அடுத்த முக்கிலும் வலப்பக்கம். நான்கு முக்கும் அப்படியே. திரும்பி வந்து பட்டறைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம்தான்.

சத்தமே இல்லை.

எப்படி இருக்கும்? ஒரு தடவைகூட நாங்கள் இடப்பக்கம் திருப்பவில்லையே! இதைக் கேட்கிற உங்களுக்கு இப்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அன்று எனக்கோ அவருக்கோ அது உறைக்கவில்லை. அம்மனைச் சுற்றி வந்தோம், வண்டி அமைதியாக வந்தது, வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டோம்.

இதுவரை நடந்தது அறியாமை. இதற்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு புலம்பமாட்டேன். தொழிலில் யாருக்கும் தவறு வரும். இனிமேல்தான் என் பாவம்.

நாங்கள் இறங்கும்போது முதலாளியே பட்டறைக்கு வந்திருந்தார். "சத்தம் போயிருச்சு முதலாளி" என்றேன். அவர் காதர் பாயைப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார். முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ஒன் கை பட்டா வண்டி வாயப் பொத்திக்கிருதேப்பா" என்று என் தோளில் தட்டினார். "இனிமே நம்ம லாரி அம்புட்டும் ஒன் பட்டறைக்குத்தான். வேற எவன்கிட்டயும் விடப்போறதில்ல."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லாரிகள்! பத்துப் பேர் பார்க்க அவை என் வாசலில் வரிசையாக நிற்கப்போகின்றன. பந்தியில் தள்ளி உட்கார்ந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்துபோனது.

ராகு காலம் தொடங்குவதற்குள் வண்டி வீடு போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். அவர் கடைத்தெருவுக்கு நடந்து போவதாகச் சொல்லி என் பக்கத்தில் நின்றுகொண்டார். காதர் பாய் காரை வெளியே எடுத்தார். முதலாளி வீடு மேற்கே இருந்தது. வாசலில் இடப்பக்கம் திருப்பினார்.

கர்ர்ர்...

கேட்டது. நன்றாகக் கேட்டது. அந்தக் கணத்தில் வண்டி வலப்பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். சாய்ந்த பக்கத்துச் சக்கரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததையும் கவனித்தேன். ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தை மாற்றிவிட்டேன்! கெட்டது வலது சக்கரம்! அவர் சொன்னாரே, அந்தப் பக்கத்தையும் பார் என்று...

காதர் பாய்க்கும் கேட்டிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, கேட்டுச்சா?"

முதலாளி என் பக்கத்தில் நிற்கிறார். அவருக்குச் சத்தமும் புரியாது, சக்கரமும் புரியாது. ஆனால் நான் "கொண்டாங்க பாய், தப்பாப் பாத்துட்டேன்" என்று சொன்னால், அது புரியும்.

"புது கிரீஸ் படியிற சத்தம் பாய். கொஞ்ச தூரம் ஓடினா சரியாயிரும். போங்க" என்று கையைக் காட்டினேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி மாப்ள" என்றார். போய்விட்டார்.

"என்னவாம்?" என்றார் முதலாளி. "ஒண்ணுமில்ல முதலாளி" என்றேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவரைத் தேடிப் போயிருக்கலாம். நடக்கிற தூரம்தான். ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியை என்னை நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். பேரிங் உடனே போய்விடாது, இன்னும் பல நாள் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். திருவாதவூருக்குப் போகிற மேலூர் ரோடு நேர் ரோடு, திருப்பமே கிடையாது என்றேன். சென்னைக்கு எழுதி இன்னொரு பேரிங் வரவழைத்து, வேறு ஏதாவது சாக்கில் வண்டியை வாங்கி, ஓசைப்படாமல் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. முதலாளியும் கைவிட்டுப் போகமாட்டார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! அன்று மாலை ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போய், லாரி விஷயத்தைச் சொல்லி, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். சந்தோஷமாகவே இருந்தேன். அதையும் மறைக்கக் கூடாது.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஒருவன் சைக்கிளில் வந்து சொன்னான்.

திருவாதவூரிலிருந்து வரும் சாலை ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டில் வந்து சேரும். மதுரைக்கு வர வேண்டுமானால் அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேர் ரோடு, நேர் ரோடு என்று சொல்லிக்கொண்டேனே... அந்த ஒரு திருப்பத்தில் வலது முன்சக்கரம் அச்சை விட்டுக் கழன்று ஓடிவிட்டது. கார் தரையில் இழுபட்டுக்கொண்டே எதிரே வந்த வைக்கோல் வண்டியில் போய் மோதியது. வண்டியோட்டி நசுங்கிப்போனான். வீரணன் என்று பெயர், திருவாதவூர்க்காரன். முதலாளி வீட்டுப் பெண்களுக்குச் சிராய்ப்புதான்.

நான் போனபோது காதர் பாய் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். வீரணனின் தலை அவர் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "தண்ணி இருக்கா மாப்ள? இவரு வாயில ஊத்தணும்" என்றார். அந்த மனிதன் செத்து வெகு நேரமாகியிருந்தது.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஊற்றினார். அது கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார்.

யானைமலைப் பக்கத்து வயலில் சக்கரம் கிடந்தது. அதைத் தூக்கி வந்தவர்களிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். பேரிங் நொறுங்கி, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. குண்டுகள் பாதி பொடியாகிவிட்டன. மோட்டார் தெரிந்த எவன் பார்த்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். ஆனால் அங்கே மோட்டார் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"எப்படிய்யா கழண்டுச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மோதின வேகத்துல கழண்டிருக்குங்க" என்றேன்.

புரிகிறதா உங்களுக்கு? சக்கரம் கழன்றதால் மோதியது. நான் அதைத் தலைகீழாக்கிவிட்டேன். ஒரே வாக்கியம். வண்டியை இழுத்துவரச் சொன்னதும் என்னைத்தான். நொறுங்கிய பேரிங்கைத் தட்டி எடுத்து, பட்டறையில் குவிந்துகிடந்த பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டேன். வாரக் கடைசியில் காயலான்கடைக்காரன் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனான்.

முதலாளி ஒருநாள் தனியாக வந்தார். "வண்டி சரியில்லன்னு ஆச்சுன்னா எந்தலையிலதான் விடியும். ஒந்தலையிலயும் விடியும். பாத்துப் பேசு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் பார்த்துத்தான் பேசியிருப்பேன். பழியை அவர்மேல் தள்ள நான் வரவில்லை.

கோர்ட்டில் காதர் பாயின் வக்கீல் அவரை எப்படியாவது காப்பாற்றப் பார்த்தார். முந்தின நாள் காரில் சத்தம் கேட்டதா இல்லையா என்று பாயிடமே திருப்பித் திருப்பிக் கேட்டார். காரில் பழுது எதுவும் இல்லை என்று நான் அதற்கு முன்பே சாட்சி சொல்லியிருந்தேன். இதோ, வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன்.

"கேட்டுச்சுங்க" என்றார் காதர் பாய். "அது புது கிரீஸ் படியிற சத்தம். மெக்கானிக்கே சொன்னாரு. அவரு பாத்துக் குடுத்த வண்டியில கோளாறு இருக்காதுங்க. நான்தான் திருப்பத்துல வேகமா வந்துட்டேன் போலருக்கு."

போலிருக்கிறது என்றார். வேகமாக வந்தேன் என்றுகூட உறுதியாகச் சொல்லவில்லை அந்த மனிதர். அவருக்கே விளங்கவில்லை. என் வார்த்தை பொய்யாக இருக்கும் என்று நினைக்கத் தெரியாததால், தன்மேல் போட்டுக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். கிரீஸ் சத்தம்தானா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

ஜெயில் தண்டனை விதித்தார்கள். லைசென்சையும் பறித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் அழைத்துக்கொண்டு போகும்போது காதர் பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

லாரிகள் வந்தன. பெயரும் வந்தது. இன்னொன்றையும் சொல்கிறேன், காறித் துப்பத் தோன்றினால் துப்புங்கள். "இடது பக்கம் திருப்பினால் சத்தமா? வலது சக்கரத்தைக் கழற்று" என்று நான் சொன்னதைக் கேட்டு ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாம் அசந்து போனார்கள். எனக்குச் சக்கரத்தின் சத்தம் காதிலேயே தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். பசுமலையிலிருந்து துரைமார்கள்கூடக் காரை என்னிடம் அனுப்பினார்கள். அந்தப் பாடத்தை நான் எங்கே படித்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஜெயிலிலிருந்து வந்ததும் காதர் பாய் நேராக என் பட்டறைக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உள்ள இருந்தப்ப இதே யோசனைதான். நான் அன்னைக்கு மெதுவாத்தான் திருப்புனதா எனக்கு ஞாபகம். ஆனா அந்த ஆளு செத்துட்டாரு. அப்ப என் ஞாபகம்தான் தப்பா? போலீஸுக்காகக் கேக்கல, கோர்ட்டுக்காகக் கேக்கல. தண்டனையும் முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியணும், அம்புட்டுத்தான். அவரக் கொன்னது நானா, வண்டியா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. "வண்டி" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என்னை அடித்திருப்பாரோ? அடித்திருக்கமாட்டார். ஊரைக் கூட்டியிருப்பாரோ? அதுவும் செய்திருக்கமாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும். தெரிந்தும்...

பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் முதலாளியின் லாரி ஒன்று நின்றது. அதையெல்லாம் பார்த்தேன்.

"கொஞ்சம் வேகமாத்தான் திருப்பியிருப்பீங்க பாய்" என்றேன்.

"சரி மாப்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே படியிறங்கிப் போனார்.

முதல் தடவை என் வாயில் வந்தது பயத்தில் வந்த பொய். கோர்ட்டில் சொன்னதையும் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பெயர்? நானும் தேடிப் பார்க்கிறேன்... கிடைக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. யாராவது கூப்பிட்டாலும், "வேணாம்ப்பா, ஒரு உசுர எடுத்த கை" என்று சொல்லிவிடுவாராம். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். அறுப்புக் காலத்தில் திருவாதவூருக்குப் போய், வீரணனின் பெண்டாட்டியும் தம்பியும் பார்த்த வயலில் இறங்கிக் கூடமாட வேலை செய்தார். முதலில் அவர்கள் மண்ணை வாரித் தூற்றி விரட்டியிருக்கிறார்கள். மறுபடியும் போனார். பஸ் ஓடிய காலத்திலும் நடந்தே போனார். கடைசியில் அந்தத் தம்பி சோலை அவரைத் தன் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டான் என்று கேள்விப்பட்டேன். செய்யாத ஒரு கொலைக்காக அந்த மனிதர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். நான் நிழலில் உட்கார்ந்து பேரிங் மாற்றிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு தடவை காஜிமார் தெருவுக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். அவர் எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். டீ வந்தது. தன் மகன் இப்ராகீமைக் கூப்பிட்டு, "மாமாவுக்குப் பக்கத்துல ஒக்காருடா. நான் உள்ள இருந்தப்ப ஒங்க அம்மாவுக்கு அரிசி பருப்பு அனுப்பினவரு இவருதான்" என்றார். அனுப்பியது உண்மைதான். எதற்காக அனுப்பினேன் என்று எனக்கல்லவா தெரியும்? டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழைக் காலத்தில் காதர் பாய் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. செய்தி வந்ததும் பட்டறையை மூடச் சொல்லிவிட்டுப் போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தெரு நிறைய ஆட்கள். மண்டிக்காரர்கள், பழைய டிரைவர்கள், பள்ளிவாசல்காரர்கள். ஒரு மூலையில் திருவாதவூரிலிருந்து வந்த சோலை, ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோனவருக்காக மகன் நின்று எல்லோரிடமும் கேட்பான். இப்ராகீம் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கத்தா யாருக்காச்சும் எதுவும் குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்டக் கேளுங்க, நான் குடுத்துர்றேன். யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, தெரிஞ்சோ தெரியாமயோ யாருக்காச்சும் கெடுதல் செஞ்சிருந்தா, அல்லாவுக்காக அவர மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது கூட்டம்.

சோலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "எங்கண்ணன் சாவுக்கு நாங்க இந்த மனுசன எப்பவோ மன்னிச்சிட்டோம்யா. போயிட்டு வரட்டும்" என்றான்.

இப்போது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கொல்லவில்லை. மன்னிக்க அங்கே எதுவுமே இல்லை. சந்தூக்கு என் காலடியில் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். இதைவிட ஒரு சமயம் வருமா? வாயைத் திறந்தேன்.

அதற்குள் இப்ராகீம் என் முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"மாமா, நீங்க தனியாச் சொல்லணும். அத்தா கடைசியா ஒங்களப் பத்தித்தான் பேசினாரு. 'எம்மேல நம்பிக்கை வச்சுப் பழுது பாத்துக் குடுத்த வண்டிய ஒடச்சு, ஒன் மாமன கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டேன், அவருகிட்ட மன்னிப்பு வாங்கிருடா'ன்னு சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சோலையும் பார்த்தான். இப்ராகீமின் கண்ணில் நீர் கட்டி நின்றது. தூக்குகிறவர்கள் குனிந்து சந்தூக்கில் கை வைத்துவிட்டு, என் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

"மன்னிச்சிட்டேன்" என்றேன்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கத்தான் சொன்னேன்.